பறிமுதல் செய்தது நீதிபதி, முடக்கியது முதலாளி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஸ்பெயின் நாட்டு நையாண்டிச் சித்திர இதழான ‘எல் ஹுவேவெஸ்’ பற்றிய கட்டுரையைப் படித்தோம். தமிழில் இந்த இதழைப் பற்றி யாரும் அதிகம் எழுதாத நிலையில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் கட்டுரையில் மூன்று பிழைகள் உள்ளன. இரண்டு சாதாரணத் தகவல் பிழைகள். மூன்றாவது, முழு வரலாற்றையும் திசைமாற்றிவிடுகிறது. கார்ட்டூன் வரைகிறவர்கள், பக்கம் வடிவமைக்கிறவர்கள், அச்சகத்தில் வேலை பார்க்கிறவர்கள் என இந்தத் தொழிலிலேயே இருக்கும் பெங்களூருத் தமிழர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். இடம் போதாமல் வெட்ட நேர்ந்தால் வரலாற்றுப் பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள். அச்சு பற்றிய பகுதியை மட்டும் விட்டுவையுங்கள்.

சின்னப் பிழைகளை முதலில் முடித்துவிடலாம். ஸ்பெயின் இளவரசரைக் கேலி செய்த அட்டைக்காக வந்த 2007 வழக்கில் ஓவியர்கள் சிறை சென்றார்கள் என்று கட்டுரை சொல்கிறது. யாரும் சிறை செல்லவில்லை. படம் வரைந்த கிய்யெர்மோ டோரஸ், வசனம் எழுதிய மனெல் ஃபோந்தெவிலா இருவருக்கும் அந்த ஆண்டு நவம்பரில் ஆளுக்கு 3,000 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. அடுத்தது, இதழ் இன்றும் வாரந்தோறும் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். 1977 மே மாதம் பார்சலோனாவில் தொடங்கியதிலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அது வார இதழாக வந்தது உண்மை. பெயரின் பொருள் ‘வியாழக்கிழமை’, கடைக்கு வந்தது புதன்கிழமை. அட்டையிலேயே ‘புதன்கிழமை வரும் இதழ்’ என்று போட்டுக்கொள்வார்கள். ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் அது மாத இதழாகிவிட்டது.

மூன்றாவது பிழைதான் பெரிது. நீதிமன்றம் தலையிட்டதால்தான் இதழ் நலிந்தது என்ற தொனியில் கட்டுரை முடிகிறது. 2007 பறிமுதல் இதழை அசைக்கவில்லை. அதன் முதுகெலும்பை முறித்தது, ஏழு ஆண்டு கழித்து 2014 ஜூன் மாதம் அதை வெளியிடும் நிறுவனமே எடுத்த முடிவு. எந்த கோர்ட்டும் கேட்கவில்லை, எந்த போலீசும் வரவில்லை. நையாண்டி இதழ் தொடங்க ஆசைப்படும் தமிழ் இளைஞர்கள் இந்த இரண்டு சம்பவங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும்.

2007 ஜூலையில் ஸ்பெயின் பிரதமர் சப்பத்தேரோ, பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் 2,500 யூரோ அரசு தரும் என்று அறிவித்தார். ஜூலை 18 தேதியிட்ட இதழின் அட்டையில், பட்டத்து இளவரசர் ஃபெலிப்பேயும் மனைவி லெதீசியாவும் படுக்கையறையில் இருப்பதாகப் படம். “நீ கர்ப்பமானால், என் வாழ்நாளில் நான் செய்த வேலை என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான்” என்கிற பொருளில் இளவரசர் பேசுகிறார். படத்தின் அடி விழுவது அந்தரங்கத்தின் மேல் அல்ல. மக்கள் வரிப்பணத்தில் வாழ்கிறவர் வேலை செய்கிறாரா என்ற கேள்வியின் மேல். உங்கள் பக்கத்தில் அட்டைப்படத்தை மேல்பாதி மட்டும் வெட்டி, பேச்சு பலூனை நீக்கிப் போட்டிருந்தீர்கள். வசனம் போனால் அது வெறும் ஆபாசப் படம் என்றுதான் வாசகருக்குத் தோன்றும். கார்ட்டூனை மறுபிரசுரம் செய்யும்போது முழுச் சட்டத்தையும் போடவேண்டும், மூல வசனத்தை அப்படியே விட்டு மொழிபெயர்ப்பைப் படத்துக்கு அடியில் கொடுக்கவேண்டும். முழுதாகப் போடத் தயக்கம் இருந்தால் படமே இல்லாமல் போடுவது மேல்.

இதழ் கடைக்கு வந்து இரண்டு நாள் கழித்து, ஜூலை 20 அன்று, மாட்ரிட்டில் உள்ள தேசிய நீதிமன்றத்தின் நீதிபதி ஹுவான் டெல் ஓல்மோ நாடு முழுக்கப் பிரதிகளைப் பறிமுதல் செய்ய உத்தரவிட்டார். அச்சு வார்ப்பையும் கைப்பற்றச் சொன்னார். வார்ப்பு எங்கிருந்து வந்தது என்றால், ஸ்பெயினின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1882-இல் எழுதப்பட்டது. அதன் 816-ஆம் பிரிவு இன்னும் ‘வார்ப்பைக் கைப்பற்றுக’ என்றே சொல்கிறது. ஈய எழுத்தைக் கோத்து அச்சடித்த காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது, கட்டையைத் தூக்கிப்போனால் மறுபடி அச்சடிக்க முடியாது. இன்றைய ஆஃப்செட் அச்சில் பக்கம் கணினியில் இருக்கிறது. அதிலிருந்து நேராக மெல்லிய அலுமினியப் பிளேட் எடுக்கிறார்கள். அச்சு முடிந்ததும் பிளேட் பழைய அலுமினிய விலைக்குப் போய்விடும். கைப்பற்ற ஒன்றுமே மிஞ்சுவதில்லை.

இரண்டு நாளில் பிரதிகளில் பெரும்பகுதி வாசகர் கைக்குப் போயிருந்தது. பறிமுதல் செய்தி வந்ததும் அந்தப் படம் உலகத்துப் பத்திரிகைகளிலெல்லாம் வந்தது. இணைய ஏலத்தில் பழைய பிரதிக்குப் பல மடங்கு விலை கேட்டார்கள். அடுத்த வார அட்டையில், இளவரசரைத் தேனீயாகவும் இளவரசியைப் பூவாகவும் வரைந்து, ‘திருத்தம்: நாங்கள் போட நினைத்த அட்டை இதுதான்’ என்று வெளியிட்டார்கள். அடுத்த புதன்கிழமையும் இதழ் வந்ததுதான் இதில் கவனிக்கவேண்டியது. ஆசிரியர் குழு சேர்ந்தே இருந்தது, வரைகிறவர்கள் ஒருவரும் போகவில்லை.

இனி 2014. ஜூன் 2, திங்கட்கிழமை காலை, மன்னர் ஹுவான் கார்லோஸ் பதவி விலகுவதாக அறிவித்தார். புதன்கிழமை இதழ் கடைக்கு வரவேண்டும். ஃபோந்தெவிலா ஒரு அட்டை வரைந்தார்: கிழவரான மன்னர், நாறிப்போய் ஈ மொய்க்கும் கிரீடத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு மகனிடம் தருகிறார். அச்சும் ஓடிவிட்டது. வெளியீட்டு நிறுவனமான ஆர்.பி.ஏ. அதை நிறுத்தியது. சுமார் 60,000 பிரதிகள் கழிக்கப்பட்டதாக ஸ்பானியப் பத்திரிகைகள் எழுதின. அதற்குப் பதிலாக, அப்போது புதிதாக எழுந்துவந்த அரசியல்வாதி பாப்லோ இக்லெசியாஸைப் போட்ட வேறொரு அட்டையுடன் இதழ் வந்தது.

ஃபோந்தெவிலா விலகினார். ஆல்பெர்ட் மோந்தெய்ஸ், கிய்யெர்மோ, பெர்னார்தோ வெர்கரா, பாக்கோ அல்கஸார், மனுவேல் பார்த்துவால் எனப் பலர் பின்னால் வெளியேறினார்கள். அட்டையில் இனி அரச குடும்பம் வேண்டாம் என்று மேலிடம் சொல்லிவிட்டதாக விலகியவர்கள் சொன்னார்கள். நீதிபதியின் உத்தரவால் ஒரு ஓவியரைக்கூட இதழிலிருந்து பிரிக்க முடியவில்லை. முதலாளியின் உத்தரவு ஒரே வாரத்தில் அதன் சிறந்த கைகளைப் பிரித்துவிட்டது. வாசகர் வாங்குவது அந்தக் கைகளைத்தான். பெயரும் விதூஷகன் சின்னமும் நிறுவனத்திடமே இருக்கலாம், வரையும் கை போய்விட்டால் அட்டைக்குள் என்ன இருக்கும்?

இதற்கு வேர் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், இதழின் உரிமை கைமாறிய விதத்தில் இருக்கிறது. ஹோசே இலாரியோ என்பவர் தொடங்கினார். சில மாதங்களிலேயே சேத்தா குழுமத்திடம் போனது. 1982-இல் இதழிலேயே வரைந்துகொண்டிருந்த கின், ஓஸ்கர், ஹோசே லூயிஸ் மார்த்தின் மூவரும் சேர்ந்து அதை வாங்கினார்கள். 2006 வரை ஓவியர்களே உரிமையாளர்கள். இந்த 24 ஆண்டுகளில்தான் இதழின் பெரும் தொடர்கள் வளர்ந்தன. இவா என்ற புனைபெயரில் வரைந்த ரமோன் தோசாஸ், பார்சலோனா சந்துகளில் திரியும் திருடன் மக்கினவாஹாவை உருவாக்கினார். கட்டாய ராணுவ சேவையை வைத்து அவர் எழுதிய தொடரை அந்தச் சேவையில் மாட்டிக்கொண்ட தலைமுறை முழுதும் தேடிப் படித்தது. கிம் வரைந்த ‘பாசிஸ்ட் மார்த்தினெஸ்’, சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சிக்கு ஏங்கும் ஒரு கிழவரை இதழ் தொடங்கிய ஆண்டிலிருந்தே வாரவாரம் தோலுரித்தது. 2006-இல் ஆர்.பி.ஏ. வாங்கியது. ‘நேஷனல் ஜியோகிராஃபிக்’ ஸ்பானியப் பதிப்பு உட்படப் பல இதழ்கள் வெளியிடும் பெரிய நிறுவனம் அது. அப்படிப்பட்ட வீட்டில் நையாண்டி இதழ் பத்தில் ஒன்று. அதன் ஒரு அட்டையால் மற்ற ஒன்பதுக்கும் தொல்லை என்று கணக்குப் போட ஒருவர் இருந்தாலே போதும்.

முந்தைய காலம் எவ்வளவு கடுமையானது என்பதையும் வாசகர் அறியவேண்டும். ஃபிராங்கோ காலத்தில் 1941-இல் தொடங்கிய ‘லா கொடோர்னிஸ்’ என்ற நையாண்டி இதழ் பல முறை தண்டிக்கப்பட்டது. 1973-இல் மாதக் கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டது. 1966 பத்திரிகைச் சட்டம் முன்தணிக்கையை எடுத்துவிட்டது, ஆனால் அச்சான பிறகு பறிமுதல் செய்யும் அதிகாரத்தை வைத்துக்கொண்டது. தணிக்கை அதிகாரி செய்த வேலையை ஆசிரியரே பயந்து செய்யும் ஏற்பாடு அது. 1977 செப்டம்பர் 20 அன்று பார்சலோனாவில் ‘எல் பாப்பூஸ்’ இதழின் அலுவலகத்துக்கு வந்த வெடிகுண்டுப் பார்சலில் கட்டடக் காவலாளி உயிரிழந்தார், பலர் காயமடைந்தார்கள். ‘எல் ஹுவேவெஸ்’ தொடங்கி நான்கே மாதம் ஆகியிருந்தது. அவர்கள் வரைவதை நிறுத்தவில்லை.

நம் பக்கம் பார்த்தால், பாரதியார் 1906 முதல் ‘இந்தியா’ வார இதழில் அரசியல் கேலிச்சித்திரங்களை வெளியிட்டார். 1908-இல் வழக்கு வந்தபோது இதழ் புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்து தொடர்ந்தது. 1987-இல் ‘ஆனந்த விகடன்’ அட்டை ஜோக் ஒன்றுக்காக ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்து சில நாட்களிலேயே விடுதலையானார், பின்னால் நீதிமன்றம் சென்று 1,000 ரூபாய் இழப்பீடும் பெற்றார். ஆசிரியரும் உரிமையாளரும் ஒருவரே என்பதால் அந்த அட்டையைக் கைவிடும்படி அவரை உள்ளிருந்து யாரும் நிர்ப்பந்திக்க முடியவில்லை. 2025 பிப்ரவரியில் ஒரு கார்ட்டூனுக்காக விகடன் இணையதளம் முடக்கப்பட்டது. மார்ச் மாதம், அந்தப் படத்தைத் தற்காலிகமாக நீக்கும் நிபந்தனையோடு சென்னை உயர்நீதிமன்றம் தளத்தைத் திறக்கச் சொன்னது. காகிதப் பிரதியைப் பறிமுதல் செய்ய ஊர் ஊராகப் போகவேண்டும். இணையத்தில் ஒரு படத்துக்காகத் தளம் முழுவதையும் மூடிவிட முடிகிறது. ஆகவே நையாண்டிப் பக்கத்தை இணையத்தில் மட்டும் வைத்திருப்பது ஆபத்து. அச்சுப் பிரதி, மின்னஞ்சலில் நேரடியாகப் போகும் பி.டி.எஃப். என இரண்டு வழியாவது கூடவே இருக்கவேண்டும்.

பெங்களூருக்கும் இதில் பங்கு உண்டு. மெஜஸ்டிக் பகுதியில் மருத்துவமனை வைத்திருந்த டாக்டர் எம்.சிவராம் 1942-இல் ‘கொரவஞ்சி’ என்ற கன்னட நகைச்சுவை மாத இதழைத் தொடங்கினார். ஆர்.கே.லக்ஷ்மணின் ஆரம்ப காலப் படங்கள் அதில் வந்தன. எம்.ஜி. ரோடு பக்கம் மிட்ஃபோர்டு கார்டனில் உள்ள கார்ட்டூன் காட்சிக்கூடத்தில் மூலப் படங்களை அருகில் நின்று பார்க்கலாம். வரைய நினைக்கும் பிள்ளைகள் கட்டாயம் பார்க்கவேண்டும். அச்சில் தெரியாத பென்சில் கோடும், வெள்ளை மை பூசித் திருத்திய இடமும் அங்கேதான் தெரியும்.

இப்போது வேலைக்கு வருவோம். சட்டம், முதலாளி இரண்டையும் தாண்டி, நையாண்டி வார இதழ்கள் நின்றுபோவதற்கு இன்னொரு காரணம் நேரம். செய்தி திங்கட்கிழமை நடக்கும், இதழ் புதன்கிழமை கடையில் இருக்கவேண்டும். ‘எல் ஹுவேவெஸ்’ இதைப் பக்கங்களை இரண்டாகப் பிரித்துச் சமாளித்தது: நடப்புச் செய்திப் பக்கங்கள் ஒரு பிரிவு, நிரந்தரப் பாத்திரங்களின் தொடர்கள் இன்னொரு பிரிவு. திருடனும் கிழவரும் சிப்பாயும் இந்த வாரச் செய்திக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்ல, முன்கூட்டியே வரைந்து வைக்கலாம். நடப்புப் பக்கங்களுக்கு மட்டும் கடைசி இரண்டு நாள். எல்லாப் பக்கமும் நடப்புச் செய்தி என்று தொடங்கும் இதழில் ஓவியர்கள் சில மாதங்களிலேயே களைத்துப்போவார்கள்.

32 உள்பக்கம், தனியாக 4 பக்க அட்டை, நடுவில் பின் அடித்த இதழ் என்று வைத்துக்கொள்வோம். 16 பக்கம் ஒரு பாரம் (ஒன்றாக அச்சடித்து மடிக்கும் தொகுதி), ஆக இரண்டு பாரம், ஒன்றுக்குள் ஒன்று செருகப்படும். வெளிப் பாரத்தில் 1 முதல் 8 வரையும், 25 முதல் 32 வரையும் இருக்கும். உள் பாரத்தில் 9 முதல் 24 வரை. தொடர்கதைப் பாத்திரங்கள் அனைவரையும் 9-லிருந்து 24-க்குள் அடைத்துவிட்டால் உள் பாரத்தை வெள்ளிக்கிழமையே அச்சுக்குக் கொடுத்துவிடலாம். நடப்பு விஷயம் முழுதும் வெளிப் பாரத்தில், திங்கள் இரவு பிளேட். அட்டை செவ்வாய் காலை. 10-ஆம் பக்கத்தில் ஆசைப்பட்டு ஒரு நடப்பு ஜோக்கைச் செருகினால் 16 பக்கமும் அதற்காகக் காத்திருக்கும், அச்சக நேரம் கைநழுவும், பைண்டிங் பிந்தும், கடைசியில் புதன்கிழமை பஸ் பார்சல் தவறிவிடும். வார இதழ் ஒரு நாள் தாமதமாக வந்தால் சிவாஜிநகர் கடைக்காரர் அந்த இடத்தில் வேறு இதழைத் தொங்கவிட்டிருப்பார். நம் இதழ் விற்காத பிரதிகளின் கட்டோடு அப்படியே திரும்பி வரும்.

பின் அடித்த இதழில் உள்பக்கங்கள் வெளிப்பக்கங்களைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துருத்தும், வெட்டும்போது அந்த அளவு போய்விடும். எனவே பேச்சு பலூனை ஓரத்திலிருந்து 8 முதல் 10 மில்லிமீட்டர் உள்ளே வைக்கவேண்டும். படம் ஓரம் வரை போவதானால் வெட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரைந்திருக்கவேண்டும்.

தமிழில் கார்ட்டூன் கெடுவது பெரும்பாலும் எழுத்தில்தான். முதலில் புள்ளி. மலிவுக் காகிதத்தில் 7 பாயிண்டில் அடித்தால் மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிவிடும் அல்லது காணாமல் போகும். ‘பட்டம்’ ‘படடம்’ ஆகும், ஜோக் செத்துவிடும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தென்றால் இன்னும் மோசம், சுற்றியுள்ள மை பரவி வந்து புள்ளியை அடைத்துவிடும். பலூனில் 9 பாயிண்டுக்குக் கீழே இறங்கவே கூடாது. கையெழுத்தில் எழுதுகிறவர்கள் புள்ளியைச் சின்ன வட்டமாகப் போடாமல் நன்றாக நிரப்பிய பொட்டாக வைக்கவேண்டும். ‘ண’, ‘ன’ இரண்டின் சுழிக்குள்ளும் வெளிச்சம் தெரியவேண்டும்.

பலூனின் வடிவமும் அப்படித்தான். மேல்நாட்டு இதழ்களைப் பார்த்து உயரமான, ஒடுங்கிய பலூன் வரைந்தால் தமிழ் அதில் அடங்காது. ‘செய்துகொண்டிருக்கிறார்கள்’ என்ற ஒரு சொல்லே ஒரு வரி கேட்கும். உடைத்தால் படிக்கிறவரின் வேகம் தடுக்கும். ‘பண்ணிட்டிருக்காங்க’ என்று பேச்சுத் தமிழில் போட்டால் இடமும் மிச்சம், பாத்திரமும் உயிரோடு பேசும். பலூனுக்குப் பன்னிரண்டு சொல், கட்டத்துக்கு இரண்டு பலூன், அதற்கு மேல் வேண்டாம். வசனத்தை முதலில் எழுதி இடம் பிடித்த பிறகுதான் ஆள் வரையவேண்டும். ஆளை வரைந்துவிட்டு மிச்சமிருக்கும் வானத்தில் வசனத்தைத் திணிப்பதால்தான் தலைக்கு மேல் எழுத்து மோதுகிறது.

கோட்டுப் படத்தை வெறும் கறுப்பு வெள்ளையாக, குறைந்தது 600, முடிந்தால் 1,200 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யவேண்டும். செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, கோட்டின் இருபுறமும் சாம்பல் தூசி படிந்ததுபோல் வரும். டாக்குமெண்டாக அனுப்பினால் அந்தச் சிக்கல் இல்லை. படம் வரைவது அச்சில் வரும் அளவைப்போல் ஒன்றரை மடங்கில் இருக்கலாம், இரண்டு மடங்குக்கு மேல் போனால் மெல்லிய கோடுகள் சுருங்கி மறைந்துவிடும். வசனம் கறுப்பு மை ஒன்றில் மட்டுமே இருக்கவேண்டும். நான்கு நிறமும் கலந்த கறுப்பில் விட்டால், பிளேட் இம்மி நகர்ந்தாலும் எழுத்துக்குச் சிவப்பும் நீலமுமாக நிழல் விழும். நியூஸ்பிரிண்டில் மை ஊறிப் பரவும்: திரையில் 40 சதவீதமாகத் தெரியும் சாம்பல் தாளில் 60-ஐத் தாண்டிவிடும். முகத்துக்கு நிழல் 15, 20 சதவீதம் போதும். நான்கு மையும் சேர்ந்த மொத்தம் 240 சதவீதத்தைத் தாண்டினால் பின்பக்கம் ஊறும், மேலே அடுக்கிய தாளிலும் ஒட்டும்.

சட்டத்தையும் தொட்டாகவேண்டும். ஸ்பெயின் அரசியலமைப்பின் 20-ஆம் பிரிவு, நீதிமன்ற உத்தரவின்றி எந்த வெளியீட்டையும் பறிமுதல் செய்யக் கூடாது என்கிறது. 2007-இல் நீதிபதி வரை போகவேண்டி வந்தது அதனால்தான். இங்கே புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 98-ஆம் பிரிவின்படி மாநில அரசே அறிவிக்கை வெளியிட்டு ஒரு இதழின் பிரதிகளைப் பறிமுதல் செய்யலாம். எல்லாக் குற்றச்சாட்டுக்கும் அல்ல. மதம், சாதி, மொழி அடிப்படையில் பகை மூட்டுவது, மத உணர்வைப் புண்படுத்துவது, ஆபாசம் போன்ற குறிப்பிட்ட பிரிவுகளுக்கு மட்டும். அவதூறு அந்தப் பட்டியலில் இல்லை. அமைச்சரைக் கேலி செய்ததற்காக 98-ஐப் பயன்படுத்த முடியாது என்பதை ஆசிரியர்கள் தெரிந்துவைத்திருக்கவேண்டும். அறிவிக்கை வந்தால் அரசிதழில் வெளியான இரண்டு மாதத்துக்குள் 99-ஆம் பிரிவின் கீழ் உயர்நீதிமன்றத்தில் மனு போடவேண்டும். மூன்று நீதிபதிகள் அமர்வு விசாரிக்கும். இந்தக் கெடு தவறினால் அந்த வழி அடைபட்டுவிடும். அவதூறு வழக்குக்கு, படத்துக்கு அடிப்படையான செய்தி எந்தத் தேதியில் எங்கே வந்தது என்று ஒவ்வொரு கார்ட்டூனுக்கும் ஒரு கோப்பு வைப்பதுதான் காப்பு. அதைப் படம் வரைந்த அன்றே செய்யவேண்டும். நோட்டீஸ் வந்த பிறகு தேடினால் கிடைக்காது.

இவ்வளவுக்கும் பிறகும் முதலாளி அட்டையை மாற்றினால் எந்தச் சட்டமும் காப்பாற்றாது. அதற்கு ஒரே மருந்து எழுத்துமூல ஒப்பந்தம். தமிழ்ப் பத்திரிகைகளில் கார்ட்டூன் போடுகிறவர்களில் பலருக்கு அப்படி ஒன்று கிடையாது என்பது எங்களை வருத்துகிறது. அதில் இருக்கவேண்டியவை இவை: மூலப் படமும் பாத்திரத்தின் உரிமையும் வரைந்தவருக்கே. பத்திரிகைக்குக் கிடைப்பது முதல் பிரசுர உரிமை மட்டும். இது இருந்தால் விலகும் ஓவியர் தன் பாத்திரத்தோடு விலகலாம். ஏற்றுக்கொண்ட படத்தை வெளியிடாவிட்டாலும் முழுச் சன்மானம் தரவேண்டும், நிறுத்திய காரணத்தை எழுத்தில் தரவேண்டும். அட்டையை மாற்றும் அதிகாரம் ஆசிரியருக்கு மட்டும் இருக்கவேண்டும், விளம்பரப் பிரிவுக்கோ நிர்வாகத்துக்கோ அல்ல. கையெழுத்து, வசனத்தில் ஒரு சொல், எதையும் வரைந்தவரைக் கேட்காமல் மாற்றக் கூடாது.

2014-இல் வெளியேறியவர்கள் முதலாளியே இல்லாமல் நடத்திப் பார்த்தார்கள். அந்த ஜூன் மாதமே ‘பெருமையும் திருப்தியும்’ என்ற பெயரில் ஒரு டிஜிட்டல் சிறப்பிதழைக் கொண்டுவந்தார்கள். குறைந்தபட்ச விலை ஒன்று, விரும்புகிறவர் கூடுதலாகத் தரலாம். செப்டம்பரிலிருந்து மாதந்தோறும் வந்தது. அச்சுச் செலவு இல்லை, ஏஜென்ட் கமிஷன் இல்லை, தலைக்கு மேல் நிறுவனமும் இல்லை. 2017 டிசம்பரில் நின்றது. அது தோல்வி என்று சொல்ல எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. மூன்று ஆண்டுக்கு மேல் ஒரு படத்தையும் யாருக்காகவும் மாற்றாமல் நடந்தது. ஆனால் மாதம் ஒரு முறை என்பது நடப்பு நையாண்டிக்கு மிக மெதுவான நடை. கடையில் தொங்காத இதழைப் புது வாசகர் தற்செயலாகப் பார்த்து வாங்கவும் வழியில்லை. பழைய சந்தாதாரர் ஒருவர் போனால் அந்த இடத்தை நிரப்ப ஆள் எங்கிருந்து வருவார்?

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். தனி இதழ் தொடங்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே தினமும் கடைக்குப் போகும் நாளிதழில் வாரத்தில் ஒரு நாள் அரைப் பக்கம் கொடுங்கள். விளம்பரம் வந்தால் தூக்கிவிடும் பக்கமாக அது இருக்கக் கூடாது. இடம் மாறாத பக்கம் வேண்டும். அரைப் பக்கத்தில் பாதி ஒரு நிரந்தரப் பாத்திரத்துக்கு, பாதி நடப்புச் செய்திக்கு. பெங்களூருப் பதிப்பு என்றால் விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை: குடிநீர் டேங்கர், சில்க் போர்டு சந்திப்பு, கன்னடமும் தமிழும் பேசி வளரும் குழந்தைகள். மூன்று ஓவியர்களைச் சுழற்சியில் வைத்தால் ஒருவர் காய்ச்சலில் படுத்தாலும் பக்கம் காலியாகாது. தொடர் பாத்திரத்துக்கு எப்போதும் நான்கு வாரப் படங்கள் கையிருப்பில் இருக்கட்டும்.

பக்கம் ஒதுக்குவதாக முடிவு செய்தால், ஸ்கேன் அளவு, எழுத்துரு, மை அளவு எல்லாம் அடங்கிய ஒரு பக்கக் குறிப்பும், மேலே சொன்ன ஒப்பந்தத்தின் மாதிரியும் தயாரித்து இலவசமாகத் தருகிறோம். சிறைத் தண்டனை பற்றிய தகவலுக்கும் ‘வார இதழ்’ என்ற குறிப்புக்கும் அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தம் வெளியிடுங்கள். 2007 அட்டைப்படத்தை மறுபடி போடுவதாக இருந்தால் வசனத்தோடு முழுதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
கார்ட்டூன், அச்சுத் தொழிலில் உள்ள தமிழர்கள் சிலர்,
அல்சூர், பெங்களூரு 560008